மாடி வாடகை

பிப்ரவரி 9

தம்பிக்கு,

போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்தில் நீ குரலை உயர்த்துகிறாய், மூன்றாவதில் நான் வைத்துவிடுகிறேன். போன மாதம் முழுக்க அதைத்தான் செய்தோம். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது.

பவர் பத்திரம் இன்று பதிவாகிவிட்டது. இனி பேங்க், ஆஸ்பத்திரி, வீடு எல்லாவற்றுக்கும் அப்பாவுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போடலாம். வேறு வழி இல்லை. பக்கவாதம் வந்து விழுந்ததிலிருந்து அவருடைய வலது கை பேனாவைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. காலமெல்லாம் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிய கை. பேங்கில் அவர் போட்ட கையெழுத்தைப் பார்த்துவிட்டு, கவுன்ட்டரில் இருந்த பெண் என் பக்கம் சாய்ந்து, இது அவர் கையெழுத்துதானா என்று மெதுவாகக் கேட்டாள். அவருக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

பத்திரம் எழுதுபவரிடம் ஒரு கூத்து நடந்தது. அவர் எழுதியதை வரிவரியாக வாசித்துக்கொண்டே வந்தார். வீட்டை விற்க, வாடகைக்கு விட என்ற இடம் வந்ததும் அப்பா நல்ல கையைத் தூக்கி, "வீட்டப் பத்தி எழுத வேணாம்" என்றார். எல்லோருக்கும் இப்படித்தான் எழுதுவது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் அந்த மனிதர். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார், கடைசியில் கட்டைவிரலை நீட்டிவிட்டார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. மருந்து கொடுக்க நான் வேண்டும், டாக்டரிடம் கூட்டிப்போக நான் வேண்டும், வீட்டை நம்பி ஒப்படைக்க மட்டும் நான் ஆகாதவளா? மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு இரண்டு பஸ் மாறி அங்கே போகிறேன். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அக்கா

பிப்ரவரி 21

அக்காவுக்கு,

காற்று அதிகம் என்று வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கிரேன் கேபினில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே ஆட்கள் எறும்பு மாதிரி தெரிகிறார்கள், மேலே என்னைத் திட்ட யாரும் இல்லை. ஆகவே நிதானமாகத்தான் எழுதுகிறேன் என்று நம்பு.

அப்பா சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவர் எதற்குத்தான் உடனே சரி என்றிருக்கிறார்? ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த வீட்டை விற்றுவிடலாம். வாசலில் படி, குளியலறைக்கு இறங்க ஒரு படி, எங்கே திரும்பினாலும் படி. அவர் இன்னொரு முறை விழுந்தால் என்ன செய்வோம்? உன் வீட்டுக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் சின்னதாக ஒன்று பார்ப்போம். மிச்சம் அவருடைய வைத்தியத்துக்கு இருக்கட்டும். அவரைக் கேட்டுக்கொண்டு நிற்காதே, கேட்டால் மாட்டேன் என்பார். பவர் உன் கையில்தானே இருக்கிறது.

முதலில் மாடியைக் காலி பண்ணச் சொல். ஆள் குடியிருக்கும் வீட்டை எவனும் வாங்க மாட்டான். மாடியில் இருப்பது நம் கிளட்ச் அம்மாதானே, இந்நேரம் ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து முடித்திருப்பாள். போன தடவை நான் வந்தபோதும் கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவைத்து யாரோ ஒரு பையனிடம் "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு நீ செய்ததை நான் மறக்கவில்லை. அதனால் விலை, ஆள், இடம் எல்லாம் உன் முடிவு. நான் குறுக்கே வர மாட்டேன்.

தம்பி

மார்ச் 6

தம்பிக்கு,

அம்மாவுக்கு நான் செய்தது என்ன, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கிண்டலா, பாராட்டா என்று தெரியவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவிடம் சொல்லாமல் வீட்டில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. நாலைந்து நாள் தள்ளிப்போட்டேன். பிறகு அப்பாவின் வரவு செலவை நானே கணக்குப் போட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. அப்பா விழுந்ததிலிருந்து மாடி வாடகை வரவே இல்லை. அவர் எப்போதும் கையில்தான் வாங்குவார், உனக்கே தெரியும். ஒன்றாம் தேதி காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரி, மாடி ஏறிப் போவார். வாடகை வாங்கப் போகிறாரா வேலைக்கு இன்டர்வியூவுக்குப் போகிறாரா என்று அம்மா கேலி பண்ணுவாள். இப்போது அவரால் ஏற முடியவில்லை. கிளட்ச் அம்மாவுக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது.

மேலே போய்க் கேட்டேன். அப்பாவிடம் பேசிக்கொள்கிறேன் என்றாள். நடக்க முடியாத மனிதரிடம் இவள் என்ன பேசிக்கொள்வாள்? பயிற்சிக் கார் கேட்டை அடைத்துக்கொண்டு நிற்பது, குளியலறைக் குழாய் கசிந்து கீழ்ச்சுவர் ஊறுவது எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டு வந்தேன். மறுநாளே வக்கீலிடம் போய் நோட்டீஸ் தயார் பண்ணிவிட்டேன். என் தந்தைக்குச் சொந்தமான வீட்டின் மாடியில் குடியிருந்துகொண்டு, வாடகை பாக்கி வைத்து, என்று ஆரம்பித்து, காலி செய்து தர வேண்டும் என்று முடித்து, தந்தைக்காக அவருடைய முகவர் என்று கீழே என் கையெழுத்து. அதை நானே கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். "இது அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். பவர் என்னிடம் இருக்கிறது என்றேன். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் ஒரு பிளம்பர் வந்து அந்தக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தான். பயந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அக்கா

மார்ச் 17

அக்காவுக்கு,

பார்த்தாயா, நீ கையெழுத்துப் போட்டதும் குழாய் தானாக நிற்கிறது. இதைப் பத்து வருடம் முன்னாலேயே செய்திருக்க வேண்டும்.

மே கடைசியில் லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட்டும் போட்டுவிட்டேன். விற்பனைப் பத்திரம் எழுதும்போது நானும் இருக்கிறேன். உண்மையைச் சொன்னால் இந்த வருடம் வருகிற எண்ணமே எனக்கு இல்லை. வீடு விற்கும் வேலை வந்ததால் வருகிறேன். வாங்க வருகிறவர்கள் பழைய பத்திரத்தின் நகல் கேட்பார்கள். அப்பா லாக்கர் சாவியைத் தேடித் தர ஒரு யுகம் ஆகும். நேராகப் பதிவு அலுவலகத்திலேயே நகல் வாங்கிவிடு.

தம்பி

மார்ச் 28

தம்பி,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று பதிவு அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் கதவு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, எந்த வருடத்துப் பத்திரம் வேண்டும் என்றார். அப்பா வீடு கட்டிய வருடத்தைச் சொன்னேன். அது பழையது, அதற்குப் பிறகு விற்பனையாகியிருக்கிறதே, அதுவும் வேண்டுமா என்று கேட்டார். நான் சிரித்தேன், தம்பி. வேறு ஏதோ வீட்டைப் பார்க்கிறீர்கள், எண்ணைச் சரிபாருங்கள் என்று அவருக்கே புத்தி சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் திரையை என் பக்கம் திருப்பினார்.

நம் வீட்டை அப்பா விற்றுவிட்டார். இப்போது இல்லை, அம்மா இறந்த வருடமே. நம் வீடுதான், நம் தெருதான், நான்கு பக்க எல்லையும் சரியாக இருக்கிறது. அப்பாவின் அந்தப் பழைய நேரான கையெழுத்து இருக்கிறது. வாங்கியவர் பெயருக்கு நேரே கிளட்ச் அம்மாவின் பெயர்.

வீட்டுக்காரிக்கு நான் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். அவள் வீட்டிலேயே நின்றுகொண்டு, அவள் குழாயைச் சரிசெய்யச் சொல்லி, அவள் காரை அவள் வாசலிலிருந்து எடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரிம்மா என்றாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அப்பாவிடம் இன்னும் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் போனபோது டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் காய்ந்துவிட்டது பார் என்று காட்டினார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மனிதரை எனக்குத் தெரியவே தெரியாது என்று தோன்றியது.

அக்கா

ஏப்ரல் 5

அக்கா,

உன் கடிதத்தைக் கேபினில் வைத்துத்தான் பிரித்தேன். கீழே கையசைக்கிறார்கள், எனக்கு எதைத் தூக்குவது, எதை இறக்குவது என்று புரியவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

இது ஏமாற்று வேலை. அந்தப் பெண் அப்பாவை மயக்கி எழுதி வாங்கியிருக்கிறாள். அம்மா போன சமயம், மனிதர் நிலைகுலைந்து இருந்திருப்பார், காகிதத்தை நீட்டியிருப்பாள். அவள் சொந்த வீடாக இருந்தால் ஏன் மாடியில் இருக்க வேண்டும்? ஏன் இத்தனை வருடம் வாடகை கொடுக்க வேண்டும்? வக்கீலிடம் போ, போலீசுக்குப் போ. பவர் இருக்கிறதே, அப்பாவுக்காக நீ வழக்குப் போடலாம்.

உன்னையும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் கடல் தாண்டி இருக்கிறேன். நீ இரண்டு பஸ் தூரத்தில் இருந்தாய். உனக்குக்கூடவா எதுவும் தெரியவில்லை?

தம்பி

ஏப்ரல் 12

தம்பிக்கு,

தெரியவில்லை. உனக்கு எவ்வளவு தெரியவில்லையோ அவ்வளவு எனக்கும் தெரியவில்லை. போலீசுக்கெல்லாம் போகவில்லை. மாடிக்குப் போனேன்.

கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். நீ எழுதியதையெல்லாம் மனதில் அடுக்கி வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். ஆனால் அவள்தான் பேசினாள். அம்மாவின் ஆபரேஷனுக்காகத்தான் அப்பா வீட்டைக் கொடுத்தாராம். முழு விலையும் பேசி, ஒழுங்காகத்தான் வாங்கியிருக்கிறாள். ஊரில் இருந்த தன் நிலத்தை விற்ற பணத்தை அவள் வைத்திருந்திருக்கிறாள். அவர் கேட்டது ஒரே ஒரு சலுகை. பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது, நான் கீழே இருந்துகொள்கிறேன், நீங்கள் மாடியிலேயே இருங்கள் என்று.

அப்படியானால் வாடகை என்றேன். "அவர்தான்மா எனக்குக் குடுப்பாரு. ஒண்ணாம் தேதி கொண்டுவந்து குடுத்துட்டுப் போவாரு. வேணாம்னு சொன்னா கோவம் வரும்" என்றாள். பாக்கி வைத்திருந்தது நாம், தம்பி. அவர் படியேற முடியாமல் போனதால் நின்றுபோன வாடகை அது. அதைக் கேட்டுத்தான் நான் அவளுக்கே நோட்டீஸ் கொடுத்தேன்.

இப்போது எழுதப்போவதை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். அம்மா ஆஸ்பத்திரிச் செலவை நீ கொடுத்தாய் என்றுதான் இத்தனை வருடமும் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது அப்பா, "தம்பி அனுப்பிட்டான், நீ கவலப்படாத" என்றார். உன்னிடம் நன்றி சொல்லக்கூட எனக்குக் கூச்சம். சின்னவன் கொடுத்தான், பெரியவளால் முடியவில்லை என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். போனில் உன்மேல் எரிந்து விழுந்ததில் பாதி அதனால்தான்.

நீ கொடுக்கவில்லையா? ஒரே வரியில் பதில் எழுது.

அக்கா

ஏப்ரல் 19

அக்கா,

கொடுக்கவில்லை. என்னிடம் அவர், "அக்கா பாத்துக்கிட்டா, நீ உன் வேலையப் பாரு" என்றார்.

நீ நகையை விற்றிருப்பாய், அத்தானிடம் சண்டை போட்டு வாங்கியிருப்பாய் என்று நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். அம்மாவுக்கு நீ செய்ததை மறக்கவில்லை என்று எழுதினேனே, அது இதைத்தான். நீ என்ன திட்டினாலும் கடைசியில் நான் அடங்கிப்போவது இதனால்தான். நீ செய்தது என்று நானும், நான் செய்தது என்று நீயும் நினைத்து, ஒருவரையொருவர் கேட்கவே இல்லை. ஒரே ஒரு தரம் கேட்டிருந்தால் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். நாம் கேட்க மாட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம்மைப் பற்றி இவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருக்கிற மனிதரை நினைத்தால் பயமாக இருக்கிறது.

வழக்கு, போலீஸ் என்று நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. கிளட்ச் அம்மா இப்போது என்ன சொல்கிறாள்? அப்பாவைப் போகச் சொல்லிவிடுவாளா? நோட்டீஸ் கொடுத்தவர்கள் நாம், அவள் திருப்பிக் கொடுத்தால் நம்மால் வாயைத் திறக்க முடியாது.

செலவுக்காக விற்றார், அது புரிகிறது. அம்மா போன பிறகும் ஏன் மறைத்தார்? அவரிடமே கேள்.

தம்பி

மே 2

தம்பிக்கு,

நான் கேட்கப் போவதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது.

வக்கீல் தன் வழக்கப்படி நோட்டீஸின் நகல் ஒன்றை வீட்டு முகவரிக்கும் அனுப்பியிருக்கிறார். அது ஊரெல்லாம் சுற்றிவிட்டு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. அப்பாவோடு தங்கிப் பார்த்துக்கொள்ள நான் வைத்திருக்கிற பெண் கடைக்குப் போயிருந்த நேரம். தபாலை அப்பாவே வாங்கிப் படித்திருக்கிறார். தன் பெயரால், தன் வீட்டுக்காரியைக் காலி பண்ணச் சொல்லித் தன் மகள் கொடுத்த நோட்டீஸ். அந்த இஸ்திரிச் சட்டையை எப்படித்தான் ஒற்றைக் கையால் மாட்டினாரோ, பொத்தான் எல்லாம் மாறிக் கிடந்தது. மாடிப்படி ஏறக் கிளம்பிவிட்டார்.

நான் உள்ளே நுழைந்தபோது படியின் நடுவில் உட்கார்ந்திருந்தார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தார் என்று தெரியாது. சத்தம் போட்டு யாரையும் கூப்பிடவும் இல்லை. சட்டைப் பையில் அந்த நோட்டீஸ். அடி எதுவும் படவில்லை. அவருக்குக் கீழ்ப்படியிலேயே நானும் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கப்பா போறீங்க என்றேன். "மன்னிப்புக் கேக்கத்தான்" என்றார். எல்லாம் எங்களுக்குத் தெரியும் என்று சொன்னேன். அதிர்ச்சி அடைவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படியா என்பது போலத் தலையை ஆட்டினார். அம்மாவுக்காகக் கொடுத்ததில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லையே, அப்புறம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ வந்தா மொதல்ல சுவத்தத்தான தொட்டுப் பாப்ப. அவன் போன் பண்ணா வீட்டு வரி கட்டியாச்சான்னு கேப்பான். வீடு இருக்குன்னு நெனச்சிருந்தா, அப்பப்ப வந்து எட்டிப் பாப்பீங்க. அதையும் ஏன் கெடுக்கணும்?"

குற்றம் சொல்கிற குரலே இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போலச் சொன்னார். இல்லைப்பா, அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் விழுவதற்கு முன்னால் நான் வந்த ஒவ்வொரு தடவையும் ஈரம், கசிவு, விரிசல் என்று சுவரைச் சுற்றிவந்ததுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அதற்குள் கிளட்ச் அம்மா கீழே இறங்கி வந்தாள். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து அவரைக் கீழே கொண்டுவந்தோம். அவர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும், "அது கெடக்கட்டும், பொத்தான் எல்லாம் மாறிப் போட்டிருக்கீங்க பாருங்க" என்றாள். என்னிடம் தனியாக ஒன்று சொன்னாள். அவர் இருக்கும் வரை கீழ்வீடு அவருடையது, கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். ஆனால் அந்த நோட்டீஸை நான் எழுத்தில் வாபஸ் வாங்க வேண்டும், அவள் மனதில் அது முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது என்றாள். அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். பவரை வைத்து அவருடைய பேங்கிலிருந்து வாடகை பாக்கியையும் கட்டிவிட்டேன். அந்தப் பத்திரத்தை வாங்கி நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

அக்கா

மே 11

அக்கா,

நீ எழுதியதைப் படித்தேன். அவர் சொன்னது பொய் என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். என் டிக்கெட் மேசைமேல் கிடக்கிறது. எதற்காகப் போட்ட டிக்கெட் என்று எனக்குத் தெரியும், உனக்கும் எழுதியிருக்கிறேன்.

ஆனாலும் வருகிறேன். அதே டிக்கெட், அதே தேதி. விற்க எதுவும் இல்லை, கையெழுத்துப் போட எதுவும் இல்லை. லீவு முழுக்க அங்கேதான் இருப்பேன். அப்பாவிடம் சொல்லிவிடு.

தம்பி

மே 18

தம்பிக்கு,

சொன்னேன். கட்டிலில் சாய்ந்திருந்தார், கை பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னேன். நீ வருகிற தேதியைச் சொன்னதும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "அவனுக்கு இன்னும் யாரும் சொல்லலையா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பிடித்திருந்த கையை விட்டுவிட்டேன். அவனுக்கு எல்லாம் தெரியும்பா, வீடு இல்லை என்று தெரிந்துதான் வருகிறான் என்றேன். அவர் நம்பவில்லை. நான் உன்னிடம் சொல்லப் பயந்துகொண்டு மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டார். என்னைச் சமாதானப்படுத்துவது போல என் கையில் தட்டினார்.

"போன் போட்டு நீயே பக்குவமா சொல்லிடு. டிக்கெட்ட இப்பவே கேன்சல் பண்ணா காசு திரும்பக் கெடைக்கும். பாவம், எவ்வளவு தூரத்துலேர்ந்து வரணும்" என்றார்.

கோபத்தில் சொல்லவில்லை, தம்பி. உன் செலவை நினைத்து உண்மையாகவே கவலைப்பட்டார்.

அக்கா